செட்டுல கோளாறு இல்ல

விக்கிரவாண்டி,
ஞாயித்துக்கெழமை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா தாண்டவராயன் ஆசையோட எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கோம், அயர்லாந்து குளுருல நீ சளி கிளி புடிக்காம இருக்கியா, நைட் டூட்டி முடிஞ்சி வந்து ஒழுங்கா சாப்புட்டுட்டுத் தூங்கறியான்னு தெரிஞ்சிக்கத்தான் மனசு கெடந்து அடிச்சிக்குது. தெனம் வீடியோவுல மூஞ்சப் பாத்துக்கினுதான இருக்கோம், இந்த மனுஷன் எதுக்கு பேப்பரும் பேனாவும் எடுத்தாருன்னு நெனப்ப. போன்ல நான் வாயத் தொறந்தா உங்கம்மா பக்கத்துல வந்து நின்னுக்கறா, இத சொல்லாத அத சொல்லாதன்னு கண்ணாலயே அடக்கிடறா. அதான் பார்சல் போடற சாக்குல இத உள்ள வெச்சி அனுப்பறேன். கேப்பை மாவு, நீ வேர்க்கடலைன்னு சொல்லுவியே அந்த வறுத்த மல்லாட்டை, பூண்டு ஊறுகா, உங்கம்மா இடிச்ச இட்லிப் பொடி எல்லாம் வெச்சிருக்கோம். ஊறுகா பாட்டிலுக்கு மேல சுத்தியிருக்கற துணிய அவுக்காம அப்படியே குப்பையில போட்டுடாத, அது உன் பழைய சுடிதார் துப்பட்டா, உங்கம்மா வேணும்னேதான் அத சுத்தினா.

ஊருல மழ நல்லா பெஞ்சிது. பெரியப்பா நெலத்துல பம்ப் செட்டு திரும்பவும் காயில் போயிட்டு ஆளு வந்து பாத்துட்டுப் போனான். டோல்கேட்டுக்கு இந்தாண்ட புதுசா ஒரு ஓட்டல் தொறந்திருக்காங்க, செட் தோசை அங்க நல்லா இருக்குதுன்னு லாரிக்காரங்க எல்லாம் அங்கயே நிறுத்தறாங்க, நீ வரும்போது கூட்டிக்கினு போறேன். நம்ம மைக் செட்டுக்கு இந்த வருஷம் ஆர்டர் பரவால்ல, புதுசா ஒரு மிக்ஸரும் ரெண்டு கார்டுலெஸ் மைக்கும் வாங்கிப் போட்டேன். பேண்டு செட்டுக்காரங்கதான் பாவம், இப்ப எல்லாம் டிஜே கேக்கறாங்க. பாரு, எத எழுதினாலும் செட்டுன்ற அந்த ஒரு வார்த்தையிலயே வந்து நிக்குது. நீ காலேஜ் படிக்கும்போது தடியா ஒரு டிக்‌ஷனரிய எடுத்து வந்து, அப்பா உன் தொழில் பேருக்கு இங்கிலீஷ்காரன் எத்தினி பக்கம் அர்த்தம் எழுதி வெச்சிருக்கான் பாருன்னு காட்டினியே, நானும் உங்கம்மாவும் சிரிச்சோம். அப்ப எனக்கு ரெண்டு மூணு அர்த்தம்தான் தெரியும். மிச்ச அர்த்தத்த எல்லாம் திண்டிவனத்து விருத்தாசலம்தான் எனக்குக் கத்துக் குடுத்தான்.

அந்தப் பேர எழுதக்கூடாதுன்னு நெனச்சேன், எழுதாம சொல்ல முடியல கண்ணு. உனக்கு நிச்சயம் பண்ணி, தாம்பாளம் மாத்தி, மண்டபம் பேசி, உங்கம்மா ஆசை ஆசையா ஒரு கெம்புக்கல்லு செட்டு எடுத்து வெச்சதுக்கு அப்புறம், ஒரு நாள் தரகரு போன் பண்ணி, மாப்ள ஊட்டுல செட் ஆவாதுன்னு சொல்லிட்டாங்கன்னாரு. ஏன்னு கேட்டேன். செட் ஆவாதாம், அவ்ளோதான் சொன்னாங்கன்னாரு. நான் திண்டிவனத்துக்கே போயி மாப்ளையோட அப்பன் விருத்தாசலத்தோட டைல்ஸ் கடை வாசல்ல நின்னேன். உள்ளார கூப்புடல. கடையில வேலை செய்யறவன வுட்டு, மொதலாளி பிஸியா இருக்காருன்னு சொல்லச் சொன்னான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தத நான் பாத்தேன். அதுக்கப்புறம்தான் ஊருல பேச்சு வந்தது. காலேஜ்ல அந்தப் பொண்ணோட செட்டே சரியில்லையாம், பசங்களோட சுத்துமாம்னு. நீ ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கினு கண்ணாடி முன்னாடி நின்னத உங்கம்மா பாத்திருக்கா. நெறமா, பல்லா, பேச்சா, எது காரணம்னு நீ உன்னையே தேடிக்கினு இருந்திருக்க. வெளிநாட்டு வேலைக்குன்னு அந்த இங்கிலீஷ் பரீட்சைய எழுதி அவ்ளோ தூரம் ஓடினதுக்கும் சம்பளம் மட்டும் காரணம் இல்லன்னு எங்களுக்குத் தெரியும். அந்த நகை செட்டு இன்னும் அந்த டப்பாவுலயேதான் இருக்குது.

போன மாசம் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு ஊருல நிச்சயதார்த்தத்துக்கு மைக் செட்டு கட்டப் போனேன். பொண்ணு ஊட்டுக்காரரு தேவநாதன், கரும்பு போடற விவசாயி, நல்ல மனுஷன், நான் போனதுமே வெயில்ல ஏணி ஏறாதீங்க, மொதல்ல மோரு குடிங்கன்னு உக்கார வெச்சாரு. பொண்ணு பேரு ரோஜா. ஊட்டு வாசல்ல பந்தல், பந்தலுக்கு ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், தெருவுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர், பின்னாடி சாப்பாட்டுப் பந்தலுக்கு ஒண்ணுன்னு கட்டினேன். மாப்ள ஊடு திண்டிவனம்னுதான் சொன்னாங்க, திண்டிவனத்துல ஆயிரம் ஊடு. கார் வந்து நின்னு கதவத் தொறந்து எறங்கினது யாருன்னு பாத்தா விருத்தாசலம், பின்னாடியே பட்டு வேட்டியில அவன் புள்ள, உனக்கு நிச்சயம் பண்ண அதே திருமுருகன். செட்ட எடுத்து மூட்டை கட்டிக்கினு போயிடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், தேவநாதன் மூஞ்சியப் பாத்து நின்னுட்டேன். நான் பந்தல் ஓரத்துல துணி மறைப்புக்குப் பின்னாடி மிக்ஸர் முன்னாடி உக்காந்திருந்தேன். மைக் செட்டுக்காரன எவன் நிமிந்து பாக்கறான். அவனும் பாக்கல.

லக்னப் பத்திரிகை வாசிச்சி முடிச்ச ஐயரு கார்டுலெஸ் மைக்க ஆஃப் பண்ணாம அப்படியே ஜமக்காளத்து மேல, வெத்தல தட்டு பக்கத்துல வெச்சிட்டு எழுந்துட்டாரு. விருத்தாசலம் சரியா அதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தான். நான் அந்த மைக்கோட சத்தத்தக் கொறச்சிட்டு நாதஸ்வரம் போட்டுட்டேன். கொர்ருன்னு ஒரு எரைச்சல் வந்துக்கினு இருந்தது, எதுல இருந்து வருதுன்னு பாக்க ஹெட்போன காதுல மாட்டி ஒவ்வொரு மைக்கா கேட்டேன். அந்த மைக்குக்கு வந்ததும் அவன் கொரலு. மச்சாங்காரன் காதுல குசுகுசுன்னு பேசறதா அவனுக்கு நெனப்பு, எனக்கு மண்டைக்குள்ள பேசற மாதிரி கேக்குது. விக்கிரவாண்டியில மொதல்ல ஒண்ணு பாத்தோமே, அந்த மைக் செட்டுக்காரன் பொண்ணு, டோல்கேட் பக்கத்து நெலம் அவன் பேர்ல இருக்குன்னு நம்பித்தான் தாம்பாளம் மாத்தினது, பத்திரத்தப் போட்டுப் பாத்தா எல்லாம் அவன் அண்ணன் பேர்ல, செட் ஆவாதுன்னு ஒரே வார்த்தை சொல்லி வுட்டாச்சி, பொண்ணு மேல நாலு பேச்ச நாமளே கௌப்பி வுட்டதுல ஒருத்தன் கூட நம்மள நியாயம் கேக்க வரலன்னு சொல்லிட்டு சிரிக்கறான். 

கலை, அந்தச் சிரிப்பு என் காதுல இருக்கும்போதே என் கையி மிக்ஸர் மேலதான் இருந்தது. என்ன பண்றோம்னு தெரியாம பண்ணிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லாத் தெரிஞ்சிதான் பண்ணேன். நாதஸ்வரத்த நிறுத்தினேன். பந்தல்ல இருந்த பாக்ஸ ஆஃப் பண்ணேன், அவனுக்கு அவன் கொரலு உடனே கேட்டுடக் கூடாதுன்னு. தெருவுல கட்டின குழாயையும் சாப்பாட்டுப் பந்தல் குழாயையும் மட்டும் வுட்டுட்டு அந்த மைக்க முழுசா ஏத்தினேன். அதுக்குள்ள அவன் உன் கதைய முடிச்சிட்டு இந்தப் பொண்ணு கதைக்கு வந்துட்டான். பேர்லதான் ரோஜாவாம், மூஞ்சியப் பாத்தா யாரு கட்டுவாங்களாம், பைபாஸ் ஓரத்து நெலத்த திருமுருகன் பேருக்கு மாத்தி எழுதிக் குடுத்த அன்னியோட சரியாம், அப்புறம் அது இருந்தா இருக்கட்டும், அழுதுக்கினு அப்பன் ஊட்டுக்குப் போனா போகட்டுமாம். தெரு முழுக்க, ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் அவன் கொரலு போச்சி. சாப்பாட்டுப் பந்தல்ல எலையில கை வெச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. ஊரே அடங்கினதுக்கு அப்புறம்தான் அவன் கொரலு தெருவுல இருந்து அவன்கிட்டயே திரும்பி வந்தது. அவன் கீழ குனிஞ்சி மைக்கப் பாத்தான். நான் மறைப்புத் துணிய நானே தள்ளிட்டு எழுந்து நின்னேன். பாக்கட்டும் என்னன்னு. பாத்தான். அவன் மூஞ்சி போன போக்க நீ பாக்காம போயிட்டியேன்னுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

அந்தப் பொண்ணு ரோஜா உள்ரூமுல அலங்காரம் பண்ணிக்கினு இருந்திருக்குது. அது ஜன்னலுக்கு நேரா இருந்த போஸ்ட்டுலதான் நான் ஒரு குழாயக் கட்டியிருந்தேன். ஒரு வார்த்தை வுடாம கேட்டிருக்குது. பாதி பூ வெச்ச தலையோட வெளிய வந்திச்சி, யாரையும் பாக்கல, நேரா என் டேபிளுக்கு வந்து கைய நீட்டிச்சி. நான் இன்னொரு மைக்க எடுத்துக் குடுத்தேன். அழல. கொரலு கொஞ்சம் உடைஞ்சிது, அவ்ளோதான். "சமைச்சது எங்க ஊட்டுச் சாப்பாடு, எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போங்க. மாப்ள ஊட்டுக்காரங்க மட்டும் எழுந்துருங்க" அப்படின்னு சொல்லிட்டு மைக்க என் கையிலயே குடுத்துட்டு உள்ள போயிடிச்சி. திருமுருகன் தலைய நிமித்தல. அப்பன் முன்னாடி போக அவன் பின்னாடியே போயி கார்ல உக்காந்துக்கினான். உனக்கு ஒரு போன் பண்ணி ஏன்னு சொல்லாத அதே வீரந்தான் இன்னிக்கும். அவன எண்ணி நீ ஒரு ராத்திரியாவது அழுதிருந்தா அந்த அழுகைக்குக் கூட அவனுக்கு அருகதை இல்லம்மா.

குழாயெல்லாம் அவுத்து வண்டியில ஏத்திக்கினு இருக்கும்போது தேவநாதன் வந்தாரு. ரொம்ப நன்றிங்க, எம் பொண்ணக் காப்பாத்தினீங்கன்னு சொல்லப் போறாருன்னு நெனச்சி நான் திரும்பினேன். இதுக்கு முன்னாடி அவங்களத் தெரியுமான்னு கேட்டாரு. உன் விஷயத்தச் சொன்னேன், காதுல கேட்டதையும் சொன்னேன். அவரு துண்ட முறுக்கிக்கினே, "நான் அங்கதானங்க நின்னுக்கினு இருந்தேன், கைய அசைச்சிருந்தா வந்திருப்பேன். உங்க பொண்ணு கதை உங்க காதோட நின்னுடிச்சி, எம் பொண்ணு கதைய ஊருக்கே போட்டுட்டீங்களே"ன்னாரு. சத்தம் போடல. விக்கிரவாண்டி வர வரைக்கும் அதுக்குப் பதிலு தேடிக்கினே வந்தேன். ஆனாலும் ஒண்ண ஒளிக்காம சொல்றேன், அன்னிக்கி ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் நான் நல்லாத் தூங்கினேன்.

விருத்தாசலம் சும்மா இருக்கல. இதெல்லாம் செட்டப்பு, அவன் பொண்ண வேணாம்னு சொன்ன காண்டுல மிமிக்ரிகாரன வெச்சி என் கொரலுல பேச வெச்சிட்டான்னு திண்டிவனம் முழுக்க சொல்லிக்கினு திரிஞ்சான். செட்டப்புன்னு இன்னொரு அர்த்தம் பாரு. கேஸு குடுக்கறேன்னு மெரட்டி ஆளு அனுப்பினான், குடுன்னேன். ஆனா அங்க சாப்புட வந்த ஜனம் அத்தினி பேரும் காதால கேட்டது, செல்போன்ல புடிச்சி வேற அனுப்பிட்டாங்க. கடைக்கு டைல்ஸ் எடுக்க வர்றவங்களே அவன் மூஞ்சியப் பாத்து வாய மூடிக்கினு சிரிக்கறாங்களாம். பையனுக்குப் பொண்ணு பாக்க எந்த தரகரும் வர்றது இல்லையாம். இதெல்லாம் காதுக்கு வர வர எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்தது. போன வாரம் அவனே காரப் போட்டுக்கினு நம்ம கடைக்கு வந்துட்டான். உக்காரச் சொல்லாமயே ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் மேல உக்காந்தான். ஆளு பாதியாயிட்டான். பெரியவங்க நாலு பேரு முன்னாடி வந்து, அன்னிக்கி செட்டுல கோளாறு ஆயிடிச்சி, வேற எங்கயோ பேசினது இதுல கலந்துடிச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, காலத்துக்கும் மறக்க மாட்டேன்னு என் கையப் புடிச்சான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ குடிச்ச அதே கை.

நான் சொன்னேன், எங்க ஊட்டுக்கு வாங்க, எங்க ஊட்டுக்காரம்மா முன்னாடி நின்னு எங்க பொண்ண ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்னு. சொல்றேன்னு நான் சத்தியம் ஒண்ணும் பண்ணல, ஆனா அவன் அப்படி நெனச்சிக்கட்டும்னு வுட்டேன். வந்தான். உங்கம்மா உள்ள உனக்கு அனுப்ப மல்லாட்டை ஒடைச்சிக்கினு உக்காந்திருந்தா. யாருன்னு தெரிஞ்சதும் எழுந்துருக்கல, வாங்கன்னும் சொல்லல, கை மட்டும் நின்னுடிச்சி. அவன் நின்னுக்கினே சொன்னான், நெலம் உங்க பேர்ல இல்லன்னு தெரிஞ்சதாலதான்மா, வேற ஒண்ணும் இல்லன்னு. உங்கம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டா, "எம் பொண்ணு மேல பேச்சு கௌப்பினது யாரு"ன்னு. தலைய குனிஞ்சிக்கினு, "நாங்கதான்மா"ன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பி, அப்ப நான் பெரியவங்கள ஞாயித்துக்கெழமை வரச் சொல்லட்டுமான்னு கேட்டான். இதுக்குத்தான் கலை நான் இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தேன். அவன் கண்ண நேரா பாத்து, "என் செட்டுல ஒரு கோளாறும் இல்லைங்க"ன்னேன். அவனுக்குப் புரிய கொஞ்சம் நேரம் புடிச்சிது. புரிஞ்சதும் செருப்ப மாட்ட மறந்து வெறும் காலோட கார் வரைக்கும் போயி, திரும்பி வந்து மாட்டிக்கினு போனான்.

நான் சிரிச்சிக்கினே உள்ள போனேன், பாத்தியா அம்சா, எப்படின்னு கேட்டேன். உங்கம்மா என்னை ஏறெடுத்துப் பாக்கல. அந்த ஆளு காலு பட்ட எடத்த தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்து திரும்ப மல்லாட்டை ஒடைக்க உக்காந்துட்டா. ரெண்டு நாளு என்கிட்ட பேசல. அவன இந்த ஊட்டுக்குள்ள ஏன் கூட்டி வந்தீங்கன்னு மூணாவது நாளு கேட்டா. நீ கேக்கணும்னுதான்னேன். நான் கேட்டனா அவன் வந்து சொல்லணும்னு, எம் பொண்ணப் பத்தி அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமான்னா. அந்த ரோஜாப் பொண்ணப் பெத்தவ இன்னிக்கி எப்படி இருக்காளோன்னும் சொன்னா. எனக்குக் கோவம் வந்துடிச்சி, நான் செஞ்சதுல தப்பே இல்லன்னு கத்தினேன், இப்பவும் அதத்தான் சொல்றேன். அவன் இன்னொரு தடவ என் குழாய்க்குக் கீழ உக்காந்தாலும் நான் அதேதான் பண்ணுவேன். தேவநாதன கைய அசைச்சிக் கூப்புடுவனா மாட்டனான்னு மட்டும் எனக்குத் தெரியல.

சரி, உடம்பப் பாத்துக்க. தலைக்கு எண்ணெய் வெக்காம இருக்காத, வேலைக்குப் போற அவசரத்துல வெறும் காப்பிய குடிச்சிட்டு ஓடாத. கூட வேலை செய்யறவங்ககிட்ட ஒத்துப் போ, அதுக்காக யாரு என்ன சொன்னாலும் வாய மூடிக்கினு நிக்காத. அங்க யாராவது உன் மனசுக்குப் புடிச்சிருந்தா தைரியமா சொல்லு, எந்த ஊரு எந்த பாஷைன்னு நாங்க கேக்க மாட்டோம், மனுஷன் நேரா பேசறவனான்னு மட்டும் பாரு. நேத்து கடைக்கு அந்தப் பொண்ணு ரோஜா வந்திச்சி. டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சேர திண்டிவனம் போற வழியில எறங்கிச்சாம். திட்டப் போவுதுன்னு நெனச்சேன், திட்டல. உன் நம்பர் கேட்டிச்சி, உன்கிட்ட பேசணுமாம், என்ன பேசணும்னு என்கிட்ட சொல்லல. உன்னைக் கேக்காம குடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். குடுக்கலாமா வேணாமான்னு போன்ல சொல்லு.

இத எழுத உக்காந்தப்ப உங்கம்மா வந்து பாத்தா. பொண்ணுக்கா எழுதறீங்கன்னா. ஆமான்னேன். வேற எதையும் எழுத வேணாம், உன்கிட்ட ஒரு கொறையும் இருந்தது இல்ல கண்ணுன்னு அந்த ஒரு வரி மட்டும் எழுதி, அம்மா சொன்னான்னு போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. மிச்சத்த எல்லாம் நானாத்தான் எழுதினேன்.

நீ நூறு வருஷம் கொறையில்லாம இருக்கணும்னு மைலம் முருகன வேண்டிக்கினு,

உன் அப்பா,
மைக் செட்டு தாண்டவராயன்.